ட்ரவுட் மீனுக்கு எந்த ஃப்ளையைக் கட்டுவது? ஆற்றைப் பார்த்து முடிவு செய்யும் முறை

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், ரோஸ்கோ என்னும் சிற்றூரில், வில்லோவீமாக் ஆறு பீவர்கில் ஆற்றோடு கலக்கிறது. இவ்விரு ஆறுகளிலும் ட்ரவுட் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாட்களில், தூண்டில் நரம்பின் நுனியில் எந்த ஃப்ளையை, அதாவது இறகும் நூலும் கொண்டு முள்ளின்மேல் கட்டிய எந்தப் போலிப் பூச்சியைக் கட்டுவது என்ற கேள்விதான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. அதற்கு நான் கண்ட விடையைப் படிப்படியாக எழுதுகிறேன். தூண்டிலை வீசவும் முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கல்லைப் புரட்டுங்கள்

ஆற்றங்கரைக்கு வந்ததும் ஃப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடத்தில் ஒரு கல்லை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான உடலோடு கல்லை ஒட்டி ஊரும் நிம்ஃபுகளும் (மேஃப்ளை என்னும் பூச்சியின் சிறகு முளைக்காத இளம்பருவம்), மணலாலும் குச்சியாலும் கூடு கட்டிக்கொண்டு அதனுள் வாழும் கேடிஸ் புழுக்களும் தென்படும். இவை வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் கழிக்கின்றன. ட்ரவுட்டும் தன் இரையில் பெரும்பங்கை அங்கேயே தின்கிறது. அடுத்து, மேற்பரப்பில் மிதந்து வருவனவற்றைத் தேநீர் வடிகட்டியால் சில நிமிடங்கள் அரித்தெடுங்கள். இதற்கென்றே விற்கும் வலைகளை வாங்கிப் பார்த்துவிட்டேன். மெல்லிய கண்ணுள்ள சாதாரண வடிகட்டியே அவற்றைவிட நல்லது.

இரண்டாம் படி: முதலில் அளவு, பிறகு வடிவம், கடைசியில் நிறம்

அகப்பட்ட பூச்சியை உங்கள் ஃப்ளைக்கு அருகில் வைத்து ஒப்பிடுங்கள். தூண்டில் முள்ளின் அளவு எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 18 என்பது 12-ஐவிடச் சிறியது. இரண்டு அளவுகளுக்கு இடையே ஐயம் வந்தால் சிறியதையே கட்டுங்கள். நிறத்தில் சிறிது வேறுபாடு இருந்தாலும் மீன் எடுத்துவிடுகிறது. அளவு தவறினால் பெரும்பாலும் அருகில் வந்து திரும்பிவிடுகிறது.

இந்த ஆறுகளில் ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பிற்பகல்களில், ஹெண்ட்ரிக்சன் என்னும் மேஃப்ளை வெளிவரும். அதற்கு 12 அல்லது 14 பொருந்தும். மேகமூட்டமான நாட்களில் ப்ளூ விங்ட் ஆலிவ் என்னும் சிறு மேஃப்ளைக்கு 18 அல்லது 20 வேண்டும். மே இறுதியிலிருந்து மாலை வேளைகளில் வரும் சல்ஃபர் என்னும் மஞ்சள் நிற மேஃப்ளைக்கு 16 அல்லது 18 போதும்.

மூன்றாம் படி: பூச்சியின் எந்த நிலையை மீன் தின்கிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மே மாத முதல் வாரத்தில் ஒரு பிற்பகல், வில்லோவீமாக்கில் ஹெண்ட்ரிக்சன் பூச்சிகள் சிறு பாய்மரங்களைப் போலச் சிறகை உயர்த்தி மிதந்து வந்தன. என்னைச் சுற்றி மீன்கள் வளையம் வளையமாக எழும்பின. பூச்சியின் அளவிலேயே 14-ஆம் எண் ஹெண்ட்ரிக்சன் உலர் ஃப்ளையை (நீரின்மேல் மிதக்கும் ஃப்ளை) கட்டி இரண்டு மணி நேரம் வீசினேன், ஒன்றுகூடத் தொடவில்லை. நிறம்தான் தவறு என்று எண்ணி நான்கு முறை ஃப்ளையை மாற்றினேன். கை ஓய்ந்து கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகே, மிதந்து வரும் பூச்சிகளில் ஒன்றைக்கூட மீன் தின்னவில்லை என்பது தெரிந்தது. நிம்ஃப் மேலே ஏறிவந்து, நீர்ப்பரப்பிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் அந்தச் சில கணங்களில் அதனால் ஆழத்துக்குத் தப்பவும் முடியாது, பறக்கவும் முடியாது. மீன்கள் அந்த நிலையில் இருந்தவற்றையே பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. மீனின் மூக்கு வெளியே தெரிந்து, வளையத்தின் நடுவே காற்றுக்குமிழி மிஞ்சினால், அது மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியை விழுங்கியிருக்கிறது. உலர் ஃப்ளை சரியானது. முதுகும் வாலும் மட்டும் புரண்டு, குமிழி ஏதும் இல்லையென்றால், அது பரப்புக்குச் சற்றுக் கீழே உண்கிறது. அப்போது பாதி வெளிவந்த பூச்சியைப் போன்ற எமர்ஜரைக் கட்டுங்கள். அன்று என்னிடம் எமர்ஜர் இல்லாததால், உலர் ஃப்ளையின் அடிப்பக்க இறகிழைகளைக் கத்தரித்து, அதன் உடல் நீர்ப்பரப்பிலேயே படிந்து கிடக்கும்படி செய்தேன். மூன்றாவது வீச்சிலேயே ஒரு பிரவுன் ட்ரவுட் எடுத்தது. எந்த வளையமும் தென்படாவிட்டால், தயங்காமல் நிம்ஃபை ஆற்றின் அடிமட்டத்தை ஒட்டி மிதக்கவிடுங்கள்.

நான்காம் படி: நுனி நரம்பு

முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பின் எக்ஸ் எண் (எண் கூடக் கூட நரம்பு மெல்லியது) ஏறத்தாழக் கிடைக்கும்: 12-க்கு 4எக்ஸ், 14-க்கு 5எக்ஸ், 18-க்கு 6எக்ஸ்.

பெட்டியில் எவை இருக்க வேண்டும்?

தொடக்கத்தில் ஒரு கடையில் பரிந்துரைத்த ஐம்பது ஃப்ளைகள் கொண்ட தொகுப்பை வாங்கினேன். அவற்றில் பாதியை ஒருமுறைகூடக் கட்டவில்லை. 1890-இல் இங்கிலாந்தின் தூண்டில் எழுத்தாளர் ஃப்ரெடரிக் ஹால்ஃபர்ட் அனுப்பிவைத்த உலர் ஃப்ளைகளை, அமெரிக்கத் தூண்டில்காரரான தியடோர் கார்டன் அப்படியே பயன்படுத்தாமல், கேட்ஸ்கில் ஆறுகளின் பூச்சிகளுக்கும் வேகமான நீருக்கும் ஏற்ப மாற்றிக் கட்டினார். அவர் பெயரைத் தாங்கிய க்வில் கார்டன் அப்படிப் பிறந்ததுதான். ஆகவே உங்கள் ஆற்றுக்கு ஏற்றவற்றை மட்டும் வாங்குங்கள். பாராசூட் ஆடம்ஸ் என்னும் உலர் ஃப்ளையை 12 முதல் 18 வரை எல்லா அளவுகளிலும் வைத்திருங்கள். ஒரே ஒரு ஃப்ளைதான் அனுமதி என்றால் நான் அதையே எடுப்பேன். அதன் வெள்ளை முடிக்குச்சம் மங்கிய வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு எல்க் ஹேர் கேடிஸ், ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், பின்னால் உரிந்த தோல் தொங்குவது போலக் கட்டிய ஸ்பார்க்கிள் டன், கோடைக்குக் கறுப்பு எறும்பு, கலங்கிய நீருக்கு வூலி பக்கர் ஆகியவை போதும்.

பின்சேர்க்கை: அடி இறகிழைகளைக் கத்தரித்ததும் ஃப்ளை மூழ்கிவிடுகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். மிதவைப் பசையை ஃப்ளை முழுவதும் அப்பாமல் மேற்புறத்தில் மட்டும் மிகச் சிறிதளவு தடவுங்கள். வாத்தின் வாலடியிலுள்ள, சிடிசி எனப்படும் மென்மையான இறகால் கட்டிய ஃப்ளைக்குப் பசை கூடவே கூடாது, இறகிழைகள் ஒட்டிப்போய்விடும். அதற்கு உலர்த்தும் தூளே ஏற்றது.

மற்றொரு பின்சேர்க்கை: ஜூலையில் எதைக் கட்டியும் மீன் எடுக்கவில்லை என்றவரிடம் தண்ணீரின் வெப்பத்தைக் கேட்டேன், 22 டிகிரி என்றார். 20 டிகிரியைத் தாண்டிய நீரில் ட்ரவுட் மூச்சுத் திணறும். பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, அத்தகைய நாட்களில் விடியற்காலையில் மட்டும் செல்லுங்கள். அப்போதும் நீர் குளிராமல் இருந்தால் தூண்டிலை எடுக்காமலே திரும்பிவிடுங்கள்.