நாகப்பட்டினத்தின் கதையைக் கடாரத்தோடு முடித்துவிடாதீர்கள்

உள்ளூர் வரலாற்றை உலகத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க நாகப்பட்டினத்தைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம். ஆனால் வகுப்பில் நாம் பெரும்பாலும் "ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரம் வென்றான்" என்று தொடங்கி, அந்த வரியிலேயே முடித்தும் விடுகிறோம். முதல் தவறு அதுதான்.

போருக்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லாவிட்டால் அந்தப் போர் பிள்ளைகளுக்குப் புரியவே புரியாது. சுமார் 1006-இல், இன்றைய மலேசியாவின் கெடாவான கடாரத்தையும், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகையில் சூளாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை, அதாவது துறவிகளின் மடத்தை, எழுப்பினான். சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். இருபது வருடம்கூட ஆகவில்லை, ராஜராஜனின் மகன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கடற்படை அனுப்பினான். அப்புறம் 1090 வாக்கில், கடாரத்து மன்னனின் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் நாகைப் புத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். நட்பு, போர், மறுபடி நட்பு. மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். சீனாவுக்குப் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகப் போயாக வேண்டும் என்பதை வரைபடத்தில் காட்டினால் போதும், மிச்சத்தைப் பிள்ளைகளே பேசுவார்கள்.

வென்றான் என்றால் அங்கேயே இருந்து ஆண்டான் என்று ஒரு பிள்ளையாவது எழுதும். அன்றே திருத்திவிடுங்கள்.

அடுத்தது, அரசர்களை மட்டும் கப்பலில் ஏற்றுவது. கடலைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வணிகர்களும் மாலுமிகளும்தான். சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை வெட்டி வைத்தது எந்த அரசனும் அல்ல, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. பாரூஸ் கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் காட்டு மரத்துக் கற்பூரத்துக்காக அவ்வளவு தூரம் போனார்கள் என்றதும் பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெருமையை மட்டும் சொல்லித் துயரத்தை மறைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியில் பெரும் பஞ்சம். பசியில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. இதுவும் உலகத் தொடர்புதான். "சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசி தெரியும். நிதானமாகச் சொல்லுங்கள், அவர்கள் கேட்பதற்கு நேரம் விடுங்கள்.

பெயர் ஒலி ஒத்துப்போகிறது என்பதை வைத்து எங்கோ இருக்கும் ஊரை நம்மோடு முடிச்சுப் போடுவதும் வேண்டாம். கல்வெட்டு, செப்பேடு, காசு, பானை ஓடு என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். நாகைக்கு அப்படிச் சான்று ஏராளம். அங்கே கிடைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட புத்த வெண்கலச் சிலைகளில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1867-இல் இடிக்கப்படும்வரை ஒரு பழைய செங்கல் கோபுரமும் ஊரில் நின்றது. சீனக் கோபுரம் என்றே அதை அழைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. உலகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுப் பிள்ளைகளை ஊருக்குத் திரும்பக் கூட்டிவராமல் விட்டுவிடுகிறோம். ஆனைமங்கலம் கொடையைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால்தான் அதற்கு லெய்டன் செப்பேடு என்று பெயர். ஆனைமங்கலமோ கீழ்வேளூர்ப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அன்று பெண் யானையை நடக்கவிட்டு அந்த ஊருக்கு எல்லை குறித்தார்கள். அந்த எல்லையில் இருந்த வாய்க்கால்களும் அண்டை ஊர்களும் செப்பேட்டில் வரிசையாக வருகின்றன. அந்தப் பகுதியை நகலெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். எந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும்.