சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கா? பேட்டா கேட்டு வாங்குங்க

நம்ம டெல்டா பக்கம் சம்மன் வந்தா ஒரு நாள் பொழப்பு போச்சுன்னு தான் அர்த்தம், அதுவும் நடவு சமயமா இருந்தா கேக்கவே வேணாம். வேதாரண்யத்துலேர்ந்து நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு போய்ட்டு வந்தா கூலியும் போகும், பஸ் காசு சாப்பாட்டு செலவு வேற. இதுக்கு பேட்டான்னு, அதாவது சாட்சிக்கு கொடுக்கற செலவுப் படின்னு, சட்டத்துலயே வழி இருக்கு, ஆனா வாயத் தொறந்து கேக்கணும், கேக்காம வந்துடறவங்க தான் ஜாஸ்தி.

மொதல்ல சம்மன் கிரிமினல் கேஸா சிவில் கேஸான்னு பாருங்க, ரெண்டுக்கும் வழி வேற.

கிரிமினல் கேஸ்னா பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 350வது பிரிவு, 2024 ஜூலைக்கு முன்னாடியே நடந்துட்டு இருந்த பழைய கேஸ்னா சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 312. சாட்சியோட நியாயமான செலவ அரசாங்க பணத்துலேர்ந்து கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம்னு இருக்கு. "போடலாம்"னு தான் இருக்கு, அதனால தான் கேளுங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், சாட்சி சொல்லி முடிச்சா தான் காசுன்னு அந்த பிரிவுல இல்ல, கோர்ட்டுக்கு வந்தாலே போதும். மூணு மணி வரைக்கும் வராண்டாவுல உக்கார வச்சுட்டு வாய்தா போட்டாலும் நீங்க பேட்டா கேக்கலாம். சாட்சி வந்து நிக்கறப்போ தகுந்த காரணம் எழுதாம வாய்தா போடக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. சாட்சிங்கள அலைய விடறத பத்தியும் படி சரியா கெடைக்காதத பத்தியும் 2000-ல ஸ்வரண் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே வருத்தப்பட்டு எழுதியிருக்கு.

கேக்கறது எப்படின்னா, காலையில போன உடனே ஏபிபி (அரசு தரப்பு வக்கீல்) கிட்டயும் கோர்ட் போலீஸ் கிட்டயும் பேட்டா வேணும்னு சொல்லி வைங்க. கூண்டுல ஏறி சாட்சி சொல்லி முடிச்சதும், எறங்கறதுக்கு முன்னாடி ஜட்ஜ் கிட்ட தமிழ்லயே, "ஐயா, நான் இந்த ஊர்லேர்ந்து வர்றேன், இன்னைக்கு கூலி போச்சு, பேட்டாவுக்கு உத்தரவு போடணும்"னு சொல்லுங்க, பயப்பட ஒண்ணுமே இல்ல. கையில ஒரு வெள்ளத்தாள்ல கேஸ் நம்பர், பேரு, ஊரு, அன்னைய தேதி, பஸ் செலவு எவ்ளோ, கூலி எவ்ளோன்னு எழுதி பெஞ்ச் கிளார்க் கிட்ட கொடுத்துடுங்க. டிக்கெட்ட கசக்கி போட்டுடாதீங்க. டவுன் பஸ்ல ஃப்ரீயா வந்த அக்காங்க அத செலவுல சேக்க வேணாம், மத்த பஸ் டிக்கெட்ட மட்டும் வைங்க. மேஸ்திரி கிட்டயோ மொதலாளி கிட்டயோ ஒரு நாள் கூலி இவ்ளோன்னு எழுதி வாங்கிட்டு போனா நல்லது, ஆனா போன கூலி பைசா சுத்தமா திரும்ப வரும்னு எண்ணிடாதீங்க, ரூல்ஸ் படி கோர்ட் எது நியாயம்னு நினைக்குதோ அது தான்.

கம்பெனி வேலைக்கு போறவங்க அன்னைக்கு ஆஜரானதுக்கு சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிடுங்க. அரசு ஊழியரா, டியூட்டி சம்பந்தமா கூப்பிட்டிருந்தா அத வச்சு டிபார்ட்மெண்ட்ல பயணப்படி போடலாம்.

சிவில்ல உங்கள கூப்பிட்ட பார்ட்டி தான் கொடுக்கணும். சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 16 படி சம்மனுக்கு முன்னாடியே போக்குவரத்து செலவையும் ஒரு நாள் படியையும் கோர்ட்ல கட்டணும், அமீனா (சம்மன் கொண்டு வர்ற கோர்ட் ஊழியர்) உங்க கையில சம்மன் கொடுக்கறப்போவே அந்த காசையும் கொடுக்கணும். பத்தலைன்னா, இல்ல மறுநாளும் நிக்க வச்சாங்கன்னா ஜட்ஜ் கிட்ட சொல்லுங்க, மேல கட்ட சொல்லுவாரு, கட்டாட்டி அவங்க பொருள ஜப்தி பண்ணவோ உங்கள சாட்சி சொல்லாமயே அனுப்பவோ கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. டாக்டர் இன்ஜினியர் மாதிரி நிபுணர் சாட்சிக்கு செலவழிச்ச நேரத்துக்கும் ஊதியம் கேக்கலாம்.

ஒரு விஷயம் மனசார சொல்றேன், டீக்கடையில வச்சு பார்ட்டியோ அவங்க ஆளோ காசு நீட்டினா தொடாதீங்க. குறுக்கு விசாரணையில "எவ்வளவு வாங்கினீங்க"ன்னு கேட்டா உங்க சாட்சியமே கெட்டுப் போயிடும், எதுவா இருந்தாலும் கோர்ட் வழியா வரட்டும்.

முந்தின நாள் ராத்திரி கேஸ் விவரம் பாக்கற ஈகோர்ட்ஸ் ஆப்ல கேஸ் நம்பர போட்டு தேதி மாறிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ஆனா ஆப்ப மட்டும் நம்பி போகாம இருந்துடாதீங்க, வராத சாட்சிக்கு வாரண்ட் போடுவாங்க. கேட்டும் யாரும் கண்டுக்கலன்னா அதே கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் குழு ஆபீஸ்ல போய் சொல்லுங்க, இல்ல இலவச சட்ட உதவி நம்பர் 15100-க்கு போன் போடுங்க.