குமரி மாவட்டத்தில் கோளரங்கக் கல்வியாளர் சங்கம்: அமைப்பதும் நடத்துவதும்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நிலையான பெரிய கோளரங்கம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் திருவனந்தபுரத்தின் பிரியதர்ஷினி கோளரங்கத்தையே நாடுகிறார்கள். 1988-இல் திறக்கப்பட்ட சென்னை பிர்லா கோளரங்கமும் திருச்சி அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கமும் ஒரு நாள் பயணத்துக்கு எட்டாதவை. ஆகவே இப்பகுதியில் வானத்தைப் பாடமாக நடத்துவோர் என்றால், காற்றடைத்து நிமிர்த்தும் நடமாடும் கோளரங்கக் குவிமாடத்தைப் பள்ளி பள்ளியாகக் கொண்டு செல்பவர்களும், அதில் விளக்கவுரை சொல்லும் ஆசிரியர்களும், அறிவியல் இயக்கத் தன்னார்வலர்களுமே. அவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், அவர்கள் அமைக்கும் சங்கத்தின் எல்லையை ஒரே மாவட்டத்துக்குள் அடக்காமல் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களையும் சேர்த்து, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொள்வது நல்லது. அப்படிச் செய்யாவிட்டால் முதல் தேர்தலில் நின்றவர்களே அடுத்த தேர்தலிலும் நிற்க வேண்டியிருக்கும்.

பதிவு செய்வது கடினமன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணைவிதிகளையும் எழுதிக் கையொப்பமிட்டு மாவட்டப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். வேறொரு சங்கத்தின் துணைவிதிகளில் பெயரை மட்டும் மாற்றி அளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பின்னாளில் எழும் சச்சரவுகளில் பாதி அங்கிருந்தே தொடங்குகிறது. பதவிக்காலம் (மூன்று ஆண்டுக்கு மிகாமல் இருக்கட்டும்), வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம், சங்கம் கலைந்தால் கருவிகள் யாரைச் சேரும் என்பது ஆகிய மூன்றையும் உங்கள் சூழ்நிலைக்கேற்ப நீங்களே எழுதுங்கள்.

உறுப்பினர் தகுதியில் ஒரு சிக்கல் உண்டு. குவிமாடக் காட்சியைக் கட்டணத்துக்கு நடத்துவோரும் கருவி விற்போரும் சேர விரும்புவார்கள். பழுதுபார்க்கும் அறிவு அவர்களிடமே இருப்பதால் அவர்களை ஒதுக்கிவிட முடியாது. கடந்த ஓராண்டில் குவிமாடத்துக்குள் தாமே விளக்கவுரை நடத்தியவர் எவரும், கட்டணம் பெற்றிருந்தாலும் பெறாவிட்டாலும், முழு உறுப்பினர் ஆகலாம். கருவி விற்பனை மட்டும் செய்பவர் வாக்குரிமையற்ற இணை உறுப்பினராக இருக்கலாம் என்பது என் பரிந்துரை. எந்தப் பள்ளிக்கு எவர் செல்வது என்பதைச் சங்கம் பங்கிட்டுத் தர முனையக் கூடாது. அதில் கைவைத்த நாளிலிருந்து அது தொழில் தரகு ஆகிவிடும்.

சங்கத்தின் உண்மையான வேலை, ஒருவர் காட்சியை மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதுதான். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கூடி, ஓர் உறுப்பினர் முழுக் காட்சியையும் நடத்த, மற்றவர்கள் குறிப்பெடுத்து அதே நாளில் பேச வேண்டும். குறிப்புகள் திட்டவட்டமாக அமையட்டும்: கண் இருட்டுக்குப் பழகும் முன்பே மங்கலான விண்மீன்கள் காட்டப்பட்டனவா, விண்மீனைச் சுட்டிக்காட்டும் ஒளி ஓயாமல் அலைந்ததா, குழந்தைகளின் கேள்விக்கு இடைவெளி இருந்ததா என்பன போல. உரையின் உள்ளடக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது அட்சரேகை. வெளிநாட்டு உரைகளைத் தழுவியவர்கள் துருவ நட்சத்திரத்தை வானத்தில் உயரத்தில் காட்டிப் பழகியிருக்கிறார்கள். குமரியின் அட்சரேகை ஏறத்தாழ 8 பாகை; துருவ நட்சத்திரமும் வடக்குத் தொடுவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்திலேயே, நீட்டிய கையின் முஷ்டியால் மறைந்துவிடும் அளவில் நிற்பதால், பெரும்பாலான இரவுகளில் மூட்டத்திலோ மலைக்குப் பின்னாலோ மறைந்துவிடும். மாறாக, அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) பிப்ரவரியில் இரவு 9 மணியளவில் தெற்கே சுமார் 29 பாகை உயரத்தில் ஒளிர்வதும், மே மாதத்தில் அதே நேரத்தில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் முழுமையாகத் தெரிவதும் இம்மண்ணுக்குக் கிடைத்த வாய்ப்பு. வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் நாகர்கோவிலை இடமாக அமைத்து, இவற்றைக் கொண்டு பொதுவான ஓர் உரையைச் சங்கம் எழுதித் தர வேண்டும். விளவங்கோடு வட்டாரத்தின் மலையாள வழிப் பள்ளிகளுக்கு அதன் மலையாள வடிவமும் தேவைப்படும். குளச்சல், முட்டம் பகுதி மூத்த மீனவர்கள் வழங்கும் விண்மீன் பெயர்களையும், சொன்னவரின் சம்மதத்தோடு, கிடைத்த ஊரைக் குறித்துச் சேர்க்கலாம்.

பொதுக் கருவி வாங்கினால் பயன்பாட்டு விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்த எவருக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்தவெளியில் குவிமாடம் நிறுத்தக் கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை; கடற்கரைப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். உயரமான கூரையுள்ள மண்டபமே வேண்டும். மின்சாரம் நின்றால் ஊதுவிசிறியும் நின்று துணி மெல்லத் தாழும் என்பதால், இன்வெர்ட்டரும், வாயிலருகே ஒரு பெரியவரும், குழந்தைகளை வெளியேற்றும் ஒத்திகையும் இல்லாமல் காட்சியைத் தொடங்க அனுமதிக்காதீர்கள். உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். ஈரமுறிஞ்சிப் பைகளோடு மூடிய பெட்டியில் வைப்பது கருவியைக் கடன் பெறுபவரின் பொறுப்பாகட்டும்.

ஆண்டுத் திட்டம் மழையைப் பார்த்து அமைய வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை குவிமாடக் காட்சிகளுக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை வெளிவான நோக்கலுக்கும் ஒதுக்கலாம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் நேர்க்குத்தான கம்பின் நிழல் மறையும் நாளை எல்லா உறுப்பினரும் தத்தம் ஊரில் நடத்தினால், செலவில்லாமல் ஒரு கூட்டு நிகழ்ச்சி கிடைக்கும். 2010 ஜனவரி 15 அன்று இங்கு வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. 2031 மே 21-இல் தென்தமிழகத்தின் வழியாக இன்னொன்று செல்கிறது. அது கோடை விடுமுறையில் வருவதால், கிரகணம் பார்க்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கும் நிதியையும் நூலகங்கள், கோயில் திடல்கள், தேவாலயப் பங்குத் தளங்கள் வழியாக மக்களைத் திரட்டும் திட்டத்தையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

சந்தா சிறியதாக இருக்கட்டும். ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை செய்த கணக்கை வாசித்த பிறகே தேர்தல் நடத்துங்கள். செயலாளர் மாறும்போது நடவடிக்கைக் குறிப்பேடு, கருவிப் பட்டியல், மின்னஞ்சல் கடவுச்சொல், உரைகளின் மூலக் கோப்புகள் ஆகியவற்றை இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைத்துக் கையொப்பம் பெறும் விதியையும் துணைவிதிகளிலேயே சேர்த்துவிடுங்கள்.