கிளிங் பீச் பழத்தைப் பாகில் போட்டு பாட்டிலில் அடைப்பது எப்படி?

ஆகஸ்ட் வந்தால் கலிபோர்னியாவின் யூபா சிட்டி, மொடெஸ்டோ பக்கம் கிளிங் பீச் (கொட்டை சதையோடு ஒட்டியிருக்கும் பீச் வகை) அறுவடை மும்முரமாக இருக்கும். அதில் 'டாக்டர் டேவிஸ்' என்ற ரகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டின்னில் அடைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. கொட்டை சதையை விட்டு வராது. சலித்துக்கொள்ளாதீர்கள். வேகவைத்தாலும் குழையாத சதை வேண்டுமென்றால் ஒட்டும் கொட்டையும் கூடவே வரும். இரண்டு குணமும் மரபணுவில் ஒரே இடத்தில் பிணைந்தவை.

ஒரு பைன்ட் (சுமார் 475 மி.லி.) மேசன் ஜார் (மூடி இறுக்கும் கண்ணாடி ஜாடி) நான்குக்கு 2¼ கிலோ பழம் வேண்டும். பச்சை மறைந்து பொன்மஞ்சள் வந்ததும் எடுத்துவிடுங்கள். அழுத்தினால் கெட்டியாகத்தான் இருக்கும். மெத்தென்று ஆகக் காத்திருக்க வேண்டாம். வெள்ளைச் சதைப் பீச் மட்டும் கூடவே கூடாது. அதில் புளிப்பு போதாது, இந்த முறை அதற்குப் பாதுகாப்பில்லை.

முதலில் தோல். கொதிநீரில் 30 முதல் 60 விநாடி போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி உரியுங்கள். உரியாத இடத்தைக் கத்தியால் சீவிவிடலாம்.

அடுத்தது கொட்டை. இங்கேதான் பொறுமை வேண்டும். பழத்தின் மேல் ஓடும் கோட்டில் கத்தியை இறக்கினால் கொட்டையில் டக்கென்று தட்டும். அப்படியே சுற்றி வெட்டுங்கள். முறுக்கிப் பிரிக்கப் பார்த்தால் சதைதான் நசுங்கும். மாம்பழத்தில் கதுப்பு அறுப்பதுபோல் கொட்டையை ஒட்டி அறுத்தெடுப்பதே எளிது. துண்டுகள் கறுக்காமலிருக்க, 4 லிட்டர் தண்ணீரில் 3 கிராம் வைட்டமின் சி தூள் கலந்து அதில் போட்டுவையுங்கள்.

3 கப் தண்ணீர், ¾ கப் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், சர்க்கரை கரைந்தால் போதும். வடித்த துண்டுகளைப் போட்டு ஒரு கொதி விடுங்கள்.

சுடச்சுட ஜாரில் நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டுப் பாகை ஊற்றுங்கள். காற்றுக் குமிழிகளை நீக்கி, விளிம்பைத் துடைத்து, மூடியை மிதமாக இறுக்குங்கள். ஜாருக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்கும்படி பாத்திரத்தில் வைத்து, கொதி வந்தபின் 20 நிமிடம். இது 1,000 அடி உயரம் வரைதான். ஊட்டி, கொடைக்கானலில் செய்பவர்கள் 35 நிமிடம் வைக்க வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

எடுத்து 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு மூடியின் நடுவை அழுத்துங்கள். எழும்பினால் மூடி சரியாக அடைபடவில்லை, அந்த ஜாரை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.