காம் போர்ட் சண்டையா? முதலில் விண்டோஸ் சிடியைக் கீழே வையுங்கள்

பெங்களூர் பீன்யாவில் தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறை. அங்கே ஒரு பழைய பென்டியம் பெட்டி, விண்டோஸ் 98, சீரியல் மவுஸ். சிஎன்சி மெஷினுக்கு (புரோகிராம் சொல்படி தானாகவே இரும்பைக் கடையும் மெஷின்) புரோகிராம் அனுப்ப மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். "அண்ணா, ஃபைல் அனுப்ப ஆரம்பிச்சா மவுஸ் நின்னுடுது, ஃபைலும் பாதியில அறுந்துடுது" என்று அவர் பையன் போன் பண்ணினான். நான் போவதற்குள் இரண்டு முறை ஃபார்மேட் போட்டிருந்தான். முதல் தவறே இதுதான். ஹார்டுவேர் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை விண்டோஸ் போட்டாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

மவுஸும் மெஷினும் மாட்டியிருப்பது காம் போர்ட்டில், அதாவது சீரியல் கேபிள் சொருகும் வாயில். அடுத்த தவறு, மவுஸ் காம் 1-ல், மெஷின் தனிக் கார்டில் இருக்கும் காம் 3-ல், நம்பர் வேறுவேறு, அப்புறம் எப்படி முட்டும் என்று நினைப்பது. காம் 3 என்பது வெறும் பெயர். ஒவ்வொரு போர்ட்டுக்கும் உண்மையில் இரண்டு விஷயம் வேண்டும்: ஒரு முகவரி, ஒரு ஐஆர்க்யூ (வேலை வந்திருக்கிறது என்று பிராசசரைக் கூப்பிடும் லைன்). காம் 1-க்கு 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம் 2-க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம் 3-க்கு முகவரி 3ஈ8 என்று மாறினாலும் வழக்கமான ஐஆர்க்யூ அதே 4 தான். காம் 4-க்கு 2ஈ8, மறுபடி 3. இரண்டு போர்ஷன் வீட்டுக்கு ஒரே காலிங் பெல் வைத்த கதை இது. பெல் மாடிக்காரருக்கு அடித்தாலும் கீழ்வீட்டுக்காரர்தான் கதவைத் திறப்பார், மாடியில் இருப்பவருக்கு ஆள் வந்ததே தெரியாது. பிசிஐ என்ற பின்னாள் வகைக் கார்டுகள் ஒரு பெல்லைப் பங்குபோட்டுக்கொள்ளும். பழைய ஐஎஸ்ஏ வகைக் கார்டுகளிடம் அந்தப் பேச்சே கிடையாது.

சரி, எங்கே பார்ப்பது? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மேலே இருக்கும் 'கம்ப்யூட்டர்' மீது இரண்டு முறை கிளிக் செய்தால் எந்த ஐஆர்க்யூ யாரிடம் இருக்கிறது என்று வரிசையாக வரும். பையன் அதைக் கண்டுபிடித்து, அங்கேயே 4-ஐ 5 என்று மாற்றியும் வைத்திருந்தான். பாதி சரி. ஆனால் ஜம்பர் (இரண்டு முள்ளை இணைக்கும் குட்டித் தொப்பி) வைத்த கார்டு விண்டோஸ் சொல்வதைக் கேட்காது, கார்டில் தொப்பி எந்த முள்ளில் மாட்டியிருக்கிறதோ அதுதான் கணக்கு. இன்னொன்று, 10, 11 காலியாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஸ்லாட்டில் உட்காரும் பகுதி குட்டையாக இருக்கும் 8 பிட் கார்டுக்கு அந்த லைன்கள் எட்டவே எட்டாது. 5-ல் பெரும்பாலும் சவுண்ட் கார்டு இருக்கும், 7-ல் பிரின்டர் போர்ட்.

இங்கே எனக்கு வேறு சந்தேகம். மதர்போர்டிலேயே காம் 2 இருக்கும்போது தனிக் கார்டு எதற்கு? மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் சொருகி அது எப்போதோ செத்துவிட்டதாம். (இரண்டு பக்கமும் பவரை அணைத்துவிட்டுத்தான் சீரியல் கேபிளைத் தொட வேண்டும். பிஎஸ்/2 மவுஸ், கீபோர்டுக்கும் அப்படித்தான்.) செத்த போர்ட்டை பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் பக்கம்) யாரும் டிசேபிள் செய்யவில்லை, அது வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி ஐஆர்க்யூ 3-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை அணைத்தேன், கார்டு ஜம்பரை 2எஃப்8-க்கும் 3-க்கும் மாற்றினேன், அனுப்பும் சாஃப்ட்வேரில் காம் 2 என்று கொடுத்தேன். மவுஸ் ஓடியது, ஃபைலும் முழுசாகப் போனது.

யுஎஸ்பி-யை சீரியலாக மாற்றும் கன்வர்ட்டர் வாங்கினால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். விண்டோஸ் சாஃப்ட்வேருக்குச் சரிவரலாம். முகவரியை நேராகத் தொடும் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) புரோகிராமுக்கு அது கண்ணிலேயே படாது.

ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஜம்பரைக் கழற்றும்போது கீழே பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று தெறித்து இரும்புத் துருவலுக்குள் போய்விட்டது, அதற்காக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோடு வரை போக மனமில்லாமல் மூலையில் கிடந்த செத்த ஹார்டு டிஸ்க்கின் பின்பக்கத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினேன். கேபினெட் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியும் வைத்திருக்கிறேன்: மவுஸ் 4, கார்டு 3, போர்டு காம் 2 அவுட்.