நடவுக் காலுக்கும் பஸ் குமட்டலுக்கும் அக்குபிரஷர்: புள்ளியைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

அக்குபிரஷர் (உடலில் குறித்த புள்ளிகளை விரலால் அழுத்தும் முறை) செய்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் எந்த இடத்தில் அழுத்தினார்கள் என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். பலர் கை வைக்கும் இடம் புள்ளியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும். அதனால் இந்தப் பதிவில் புள்ளிகள் குறைவு, அளவெடுப்பதுதான் அதிகம். நம் டெல்டாவில் அடிக்கடி வரும் மூன்று தொல்லைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பஸ்ஸில் குமட்டல், நடவும் களையெடுப்பும் முடிந்து வரும்போது கால் கடுப்பு, இடுப்புப் பிடிப்பு.

அதே புள்ளிகளில் ஊசி குத்துவது (அக்குபங்சர்) பயிற்சி பெற்றவர் வேலை, வீட்டில் வேண்டாம். விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்பும் முறையும் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. அது வேறு. இங்கே சொல்வது அழுத்தும் முறை.

முதலில் அளவு

சீன மருத்துவத்தில் புள்ளிகளை அளக்கும் அலகு ‘சுன்’. அதற்கு இத்தனை செ.மீ. என்று கிடையாது. யாருக்கு அழுத்துகிறோமோ அவருடைய கட்டைவிரல், கணுவுக்கு நேராக எவ்வளவு அகலமோ அதுதான் அவருக்கு 1 சுன். ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கையும் சேர்த்து வைத்து, நடுவிரலின் நடுக்கணுவுக்கு நேராக அளந்தால் 3 சுன்.

தவறு நடப்பது இங்கேதான். அம்மா காலில் மகன் தன் விரலை வைத்து அளப்பார். மண்வெட்டி பிடிக்கிற ஆம்பளைக் கையில் நான்கு விரல் 8 செ.மீ. வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு 5.5 செ.மீ. சுற்றி இருக்கும். இரண்டரை செ.மீ. பிசகினால் வேறு தசையில் அழுத்திக்கொண்டிருப்போம். அழுத்துபவர் விரல் கணக்கில் வராது, அழுத்தப்படுபவர் விரல்தான் கணக்கு.

விரல் மடங்காதவர்களுக்கும் வீங்கிய கை உள்ளவர்களுக்கும் நார்க் கணக்கு சுலபம். பூக்கட்டும் வாழைநார் ஒன்றை நனைத்து எடுங்கள் (காய்ந்தது மடிக்கும்போது முறியும்; நூலும் போதும்). முழங்கை உள்மடிப்பிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை 12 சுன். அந்த நீளத்துக்கு நாரை அறுத்து, இரண்டாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் கையில் இருப்பது 2 சுன். காலுக்கு, முழங்காலின் பின்மடிப்பு மட்டத்திலிருந்து வெளிக் கணுக்கால் முண்டின் உச்சி வரை 16 சுன். நான்காக மடித்தால் 4 சுன், அதில் முக்கால் பங்கு 3 சுன். விரல் அளவும் நார் அளவும் ஒத்துவந்தால் இடம் சரி. ஒத்துவராவிட்டால் நாரை நம்புங்கள்.

பஸ் குமட்டலுக்கு: நெய்குவான் (பிசி 6)

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போகும் பஸ்ஸில் பிள்ளைகள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கான புள்ளி இது. நெய்குவான் அதன் சீனப் பெயர், பிசி 6 அதன் குறியீட்டு எண்.

உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மணிக்கட்டில் இரண்டு மூன்று ரேகைகள் தெரியும். உள்ளங்கைக்கு ஒட்டிய ரேகைதான் தொடக்கம். அங்கிருந்து முழங்கை நோக்கி 2 சுன், அதாவது அவருடைய மூன்று விரல் அகலம். இப்போது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொடவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு தசைநாண்கள் புடைத்து எழும். அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளம்தான் நெய்குவான். சிலருக்கு ஒரே ஒரு நாண்தான் எழும். அது குறை அல்ல. மெல்லிய நாண் பிறவியிலேயே இல்லாதவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு, எழும் நாணுக்குச் சுண்டுவிரல் பக்கமாக ஒட்டி வையுங்கள்.

வளையலும் வாட்ச்சும் சரியாக இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கழற்றுங்கள், இல்லையென்றால் மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலை வைத்து, மற்ற விரல்களைக் கையின் பின்புறம் தாங்கலாகக் கொடுத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். மந்தமான, கனமான ஒரு வலி வரவேண்டும். விரல் நுனிக்கு மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஓடினால் அடியிலிருக்கும் நரம்பை நசுக்குகிறீர்கள், உடனே தளர்த்துங்கள். ஒரு கைக்கு 2 நிமிடம், பிறகு மறு கை.

நேரம் முக்கியம். குமட்டல் தொண்டைக்கு வந்த பிறகு அழுத்தினால் பெரிதாகப் பலன் இருக்காது. பஸ் கிளம்புவதற்கு முன்பே ஒரு சுற்று முடித்துவிட்டு, வழியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரவேண்டும்.

இந்தப் புள்ளிக்கு ஆய்வு ஆதரவும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பு 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் இந்தப் புள்ளியைத் தூண்டுவது குறைக்கிறது என்பது அதன் முடிவு. பயணக் குமட்டலுக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. செலவோ பெரிய பக்கவிளைவோ இல்லாததால் முயன்று பார்க்கலாம்.

நெஞ்சை அடைத்து, வியர்த்துக்கொட்டி, அதோடு குமட்டினால் கையை அழுத்திக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் கடுப்புக்கு: ஸூசான்லி (எஸ்டி 36)

இதில்தான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள், ஆகவே மெதுவாகப் போவோம்.

திண்ணையிலோ நாற்காலியிலோ உட்காருங்கள். பாதம் முழுதும் தரையில் படவேண்டும், முழங்கால் செங்குத்தாக மடங்கியிருக்கவேண்டும். காலை நீட்டிக்கொண்டு தேடினால் தொடக்கப் பள்ளமே கைக்குத் தட்டாது.

‘முட்டிக்குக் கீழே நாலு விரல்’ என்று பல படங்களில் போட்டிருக்கும். முட்டியின் எந்த இடத்திலிருந்து என்பதைச் சொல்வதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே, தடித்த நாணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குழிகள் உண்டு. காலின் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் வெளிக்குழியிலிருந்துதான் அளக்கவேண்டும். ஆள்காட்டி விரலின் மேல் ஓரத்தைக் குழியில் வைத்து, நான்கு விரலையும் படுக்கையாகப் போடுங்கள். சுண்டுவிரலின் கீழ் ஓரம் எங்கே முடிகிறதோ அந்த மட்டம். இனி முன்னங்கால் எலும்பின் கூர்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அந்த மட்டத்தில் வெளிப்பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளுங்கள்.

சரியா என்று பார்க்க ஒரு சோதனை: குதிகாலை ஊன்றியபடி பாதத்தின் முன்பகுதியை மட்டும் தூக்குங்கள். விரலுக்கு அடியில் தசை திரண்டு எழுந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இரண்டு விதமாகப் பிசகலாம். அழுத்தியதும் தோலுக்கு அடியிலேயே கூர்மையாக வலித்தால் எலும்பின் மேல் ஏறிவிட்டீர்கள். பாதத்தின் மேல்புறம் மரத்து, ஊசி குத்துவதுபோல் ஆனால் ரொம்ப வெளியே போய்விட்டீர்கள். அங்கே வெளி எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு மேலாகவே ஓடுகிறது. அதைத் தினம் நசுக்கினால் பாதம் தூக்குவதே சிரமமாகலாம். சரியான இடத்தில் வலி மந்தமாக, ஆழமாக, கணுக்கால் நோக்கி இறங்குவதுபோல் இருக்கும்.

கட்டைவிரலை நேராக உள்ளே அழுத்தி, மூச்சு விடும்போது கூட்டி, இழுக்கும்போது தளர்த்துங்கள். காலுக்கு 3 நிமிடம். கட்டைவிரல் ஓய்ந்துபோனால் மடக்கிய ஆள்காட்டி விரலின் கணுவால் செய்யலாம்.

கெண்டைக்கால் இழுப்புக்கு இதோடு செங்ஷானையும் (பிஎல் 57) சேர்த்துக்கொள்ளுங்கள். குதிகாலைத் தூக்கி நின்றால் கெண்டைக்கால் தசை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பள்ளம் விழும், அதுதான். உட்கார்ந்து காலைத் தளர்த்திய பிறகு ஒரு நிமிடம் போதும்.

காலில் அழுத்தக் கூடாதவர்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வயல் சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போகவேண்டும். தள்ளிப்போட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். இதை நடவுக் கடுப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நாளைக் கடத்துவது ஆபத்து.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் இரத்தக்கட்டு இருக்கலாம். அழுத்தினால் அது பெயர்ந்துபோகும் அபாயம் உண்டு. யானைக்கால் வீக்கம், புடைத்து நெளியும் நரம்புச் சுருள், சேற்றுப்புண் உள்ள இடங்களிலும் கை வைக்கவேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கன்றிப்போகும்.

இடுப்புக்கு: ஷென்ஷு (பிஎல் 23)

இடுப்பு எலும்பின் மேல் விளிம்புகளில் கை வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நேராக நீட்டினால் முதுகெலும்பில் நான்காவது இடுப்பு முள்ளின் மட்டம் வரும். அங்கிருந்து இரண்டு முள் மேலே, பக்கவாட்டில் ஒன்றரை சுன். கையால் எட்டி அழுத்துவதைவிட, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ரப்பர் பந்தை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கி மடக்கி மெல்ல உருட்டுவது மேல். எலும்பின் மேல் பந்து போகக்கூடாது, பக்கத்துத் தசைமேட்டில்தான். பக்கத்துக்கு 2 நிமிடம். வலி பிட்டம் தாண்டிக் கால்வரை இறங்கினாலும், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

முதுகு வலிக்கு முழங்கால் பின்மடிப்பின் நடுவே ஒரு புள்ளியைப் பழைய நூல்கள் சிறப்பாகச் சொல்கின்றன. ஆனால் அங்கே பெரிய இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் புதியவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

எந்தக் கருவி வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். நகம் வெட்டிய கட்டைவிரலும் ஒரு ரப்பர் பந்தும் போதும். கடைகளில் விற்கும் மர ஜிம்மி (கையில் பிடித்து அழுத்தும் சிறு முனைகள் உள்ள கட்டை) பரவாயில்லை, உள்ளங்கைக்கு உதவும். முள் பாய், முள் செருப்பு சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. புள்ளி வந்தால் ‘பீப்’ அடிக்கும் பேட்டரிப் பேனா தண்டச் செலவு: வியர்வைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அது எங்கே வேண்டுமானாலும் கத்தும், நம்மூர் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். எண்ணெய் தடவிக்கொண்டு புள்ளி அழுத்தாதீர்கள், விரல் வழுக்கும். நல்லெண்ணெய்த் தேய்ப்பு பிறகு.

நேரம்: வயலிலிருந்து வந்து கால் கழுவித் துடைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டுவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து. இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் காரணம் வேறு. வலி தணிய இது உதவும், தேய்ந்த மூட்டு வளராது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கர்ப்பிணிகளுக்கு? மசக்கைக் குமட்டலுக்கு நெய்குவானை மென்மையாக அழுத்தலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹெகு, உள் கணுக்காலுக்கு மேலுள்ள சான்யின்ஜியாவ் இரண்டையும் மரபாகவே கர்ப்பத்தில் தொடுவதில்லை. இடுப்பிலும் பந்து வேண்டாம். தண்ணீர்கூட தங்காமல் வாந்தி வந்தால் ஆஸ்பத்திரிதான்.

பஸ்ஸில் பிள்ளை தூங்கிவிட்டால் எப்படி அழுத்துவது? ஒரு பச்சைப்பயறை நெய்குவானில் வைத்து மேலே மைக்ரோபோர் டேப் (காயக் கட்டுக்கு ஒட்டும் காகித டேப்) ஒட்டுங்கள். தேவைப்படும்போது டேப்பின் மேலேயே அழுத்தலாம். இறங்கியதும் கழற்றிவிடுங்கள். வியர்வையில் ஊறி இரவு முழுதும் இருந்தால் அரிக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஒட்டவேண்டாம், பிய்த்து வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள்.