கணக்கில் கழிந்தது, கடைக்காரருக்குச் சேரவில்லை: நடுவில் நின்ற பணத்தை வங்கியிடமிருந்து திரும்பப் பெறும் முறை

மளிகைக் கடையில் 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு, கல்லாவின் மேல் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து, 'பின்' எனப்படும் ரகசிய எண்ணையும் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கிலிருந்து 640 ரூபாய் கழிக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி உடனே வந்துவிட்டது. ஆனால் பணம் வந்ததை அறிவிக்க வேண்டிய கடைக்காரரின் ஒலிப்பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்து நின்றார்கள். கடைக்காரர் தன் கைப்பேசியைத் திருப்பி, கடைசியாக வந்த தொகை எனக்கு முன்னால் நின்றவருடையது என்று காட்டினார். அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. வேறு வழியின்றி ரொக்கமாக இன்னொரு 640 ரூபாயைக் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். முதலில் போன அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவதற்குள் நான் தெரிந்துகொண்டவற்றையும், பின்னர் அக்கம்பக்கத்தினருக்குப் புகார் எழுதிக் கொடுத்தபோது புரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கும் ஓய்வூதியத்தை நம்பியிருப்பவருக்கும் ஐந்நூறு ரூபாய் என்பது சிறு தொகை அன்று. அதைக் கேட்டு வாங்கும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில், பணம் எங்கே நிற்கிறது என்பது புரிந்தால் யாரிடம் கேட்பது என்பதும் விளங்கிவிடும். 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்துகிறது. நாம் பின் எண்ணைப் போட்டதும், அந்தக் கட்டளை செயலியிலிருந்து அக்கழகத்தின் கணினிக்கும், அங்கிருந்து நம் வங்கிக்கும் போகிறது. நம் வங்கி தொகையைக் கழித்ததும், பெறுபவரின் வங்கிக்கு வரவு வைக்கும்படி செய்தி போகிறது. இந்த வழியில் ஏதாவது ஓரிடத்தில் பதில் வராமல் போனால், ஒரு பக்கம் பற்று எழுதப்பட்டும் மறுபக்கம் வரவு எழுதப்படாமலும் கணக்கு நின்றுவிடுகிறது. நாம் கையில் வைத்திருக்கும் செயலி இந்தக் கட்டளையை ஏந்திச் செல்கிறதே தவிர, நம் பணம் அதனிடம் இருப்பதில்லை. ஆகவே செயலியில் புகாரைப் பதிவு செய்வது தேவையான முதல் படிதான் என்றாலும், பொறுப்புடன் பதில் சொல்ல வேண்டியது நமது கணக்கு இருக்கும் வங்கியே. ஏ.டி.எம். இயந்திரத்திலும் இப்படித்தான். வேறொரு வங்கியின் இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், புகாரை அந்த இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கியிடம் அன்று, உங்களுக்கு அட்டை வழங்கிய வங்கியிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்ததாக, பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கான காலக்கெடுவையும் இழப்பீட்டையும் வகுத்து ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, யு.பி.ஐ. வழியாக ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்பி வந்துவிட வேண்டும். கடையில் செலுத்திய பணம் கழிந்தும் கடைக்காரருக்கு உறுதி வராமல் போனால் ஐந்து நாள் அவகாசம் உண்டு. ஏ.டி.எம். இயந்திரத்தில் கணக்கில் கழிந்து பணம் வெளிவராத நிலைக்கும் அதே ஐந்து நாள்தான். இந்தக் கெடுவைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடாகத் தர வேண்டும். இதில் இரண்டு செய்திகளை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இங்கே நாள் என்பது நாட்காட்டி நாள். ஆகவே நடுவில் ஞாயிறும் பண்டிகையும் வந்தன என்று சொல்லிக் கெடுவை நீட்டிக்க இயலாது. மற்றொன்று, வாடிக்கையாளர் புகார் செய்யட்டும் என்று காத்திராமல் வங்கி தானாகவே இந்த இழப்பீட்டை வரவு வைக்க வேண்டும் என்று அச்சுற்றறிக்கை சொல்கிறது. நடைமுறையில் கேட்பவருக்கே அது பெரும்பாலும் கிடைக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இனி, பணம் சிக்கிய அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அது 'நிலுவை' என்று காட்டுகிறதா, 'தோல்வி' என்று காட்டுகிறதா, 'வெற்றி' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். நிலுவை என்றிருந்தால் சில நிமிடங்கள் பொறுத்திருப்பது நல்லது. பல சமயங்களில் அதற்குள்ளாகவே கணக்கு நேராகிவிடும். வெற்றி என்று காட்டியும் கடைக்காரருக்கு வரவில்லை என்றால், அங்கே தெரியும் பன்னிரண்டு இலக்க யு.டி.ஆர். எண்ணை, அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கே உரிய அடையாள எண்ணை, அவரிடம் கொடுத்து, அவருடைய வங்கிக் கணக்கில் தேடச் சொல்லுங்கள். ஒலிப்பெட்டி அறிவிக்காமல் விட்டிருந்தாலும் கணக்கில் பணம் இருக்கலாம். எந்த நிலையாக இருந்தாலும் அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கியின் குறுஞ்செய்தியையும் அழித்துவிடாதீர்கள். அவசரத்துக்கு மறுபடியும் பணம் கொடுக்க நேர்ந்தால் ரொக்கமாகக் கொடுத்து, அந்த ரசீதிலேயே 'யு.பி.ஐ. தொகை வரவில்லை, ரொக்கம் பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் ஒரு வரி எழுதித் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள். நான் கேட்டபோது அவர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரி பின்னால் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது.

ஏ.டி.எம். அறையில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டும் பணம் வெளியே வரவில்லை என்றால் உடனே நகர்ந்துவிடாமல் சற்று நேரம் அங்கேயே நில்லுங்கள். தாமதமாக வெளிவரும் பணத்தை அடுத்தவர் எடுத்துவிட நேரலாம். இயந்திரத்தின் மேலோ சுவரிலோ ஒட்டியிருக்கும் அதன் அடையாள எண்ணையும், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், சீட்டு வந்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். சீட்டு வராவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த நொடியில் எத்தனை நோட்டு வெளியே போயிற்று என்பது இயந்திரத்தின் உட்பதிவில் இருக்கும். பணம் நிரப்புபவர்கள் இருப்பைச் சரிபார்க்கும்போது மிகுதியாக நிற்கும் தொகையும் தெரிந்துவிடும். கண்காணிப்புக் கேமராவின் பதிவை மட்டும் வங்கிகள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை என்பதால், புகாரை அன்றே கொடுத்து, அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படியும் அதில் எழுதிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பதற்றத்தில் நாம் செய்யும் முதல் காரியம், வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடுவது. மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை வங்கியின் பெயரில் அங்கே போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள், அல்லது பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, 'பின்' எண்ணைப் போடச் சொல்வார்கள். பணத்தைப் பெற 'பின்' எண் ஒருபோதும் தேவைப்படாது. சேவை எண்ணை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்தோ, பாஸ்புக்கிலிருந்தோ, வங்கியின் சொந்தச் செயலியிலிருந்தோ மட்டுமே எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால், வேறு எதையும் செய்யும் முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் அன்றே தெரிவியுங்கள்.

சேவை மையத்தை அழைத்தால், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்ற குரலைக் கடந்து ஒரு மனிதரிடம் போய்ச் சேரவே நெடுநேரம் ஆகிறது. எதிர்முனையில் பேசுபவர் இந்தத் தவறுக்குக் காரணமானவர் அல்லர். அவரிடம் கோபப்படுவதால் நமக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவரிடமிருந்து பெற வேண்டியது புகார் எண் ஒன்றுதான். 'பொறுத்திருங்கள், வந்துவிடும்' என்ற ஆறுதலோடு பேச்சை முடித்துக்கொள்ளாமல், எண்ணை வாங்கி, தேதியுடன் எழுதிக்கொண்ட பிறகே இணைப்பைத் துண்டியுங்கள். அதன்பின் அதே நாளில் அதே செய்தியை எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகாருக்கு நம்மிடம் சான்று இருக்காது. எழுதிய கடிதத்துக்கோ தேதி உண்டு, அந்தத் தேதியிலிருந்துதான் பிற்பாடு எல்லாக் கெடுவையும் எண்ணப் போகிறோம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

'ஐயா, எனது சேமிப்புக் கணக்கிலிருந்து இம்மாதம் 3ஆம் தேதி மாலை 6.40 மணிக்கு யு.பி.ஐ. வழியாகக் கடை ஒன்றுக்குச் செலுத்திய 640 ரூபாய் கழிக்கப்பட்டது. கடைக்காரருக்கு அத்தொகை சேரவில்லை. யு.டி.ஆர். எண், தொலைபேசியில் பதிவு செய்த புகார் எண் ஆகியவற்றைக் கீழே கொடுத்துள்ளேன். கைப்பேசித் திரையின் படமும் கடைக்காரர் எழுதிய ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன. இத்தொகையைத் திரும்ப வரவு வைக்குமாறும், ரிசர்வ் வங்கியின் 20.09.2019 நாளிட்ட சுற்றறிக்கையின்படி கெடுவைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.'

இதைக் கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம், அல்லது இரண்டு படி எடுத்து நேரில் கொண்டுபோய், ஒரு படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளலாம். 'இது செயலியில் நடந்தது, செயலிக்காரரிடம் கேளுங்கள்' என்று கிளையில் சொல்வார்கள். பணம் கழிந்தது உங்கள் வங்கிக் கணக்கில்தான் என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லி, புகாரை வாங்கிக்கொண்டதற்கான முத்திரையை மட்டும் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் உடன் செல்வது நல்லது. பேச்சில் மடங்கித் திரும்பி வந்துவிடுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

சில நாட்களில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். உடனே கணக்கைப் பாருங்கள். பணம் வராமலேயே புகார் மூடப்படுவது உண்டு. அப்படியானால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, 'தொகை வரவாகவில்லை, புகாரை மீண்டும் திறக்கவும்' என்று எழுதி, வங்கியின் இணையதளத்தில் பெயர் கொடுக்கப்பட்டிருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு படி அனுப்புங்கள். புதிய புகாராகப் பதிவு செய்தால் நாட்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும் என்பதால் பழைய எண்ணை விட்டுவிடாதீர்கள்.

எழுத்தில் கொடுத்து 30 நாட்கள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக இது ஒருங்கிணைக்கப்பட்டுள்ளதால், உங்கள் ஊர் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. புகார்களுக்கென்றே ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் சி.எம்.எஸ். என்ற இணையதளத்தில் பதிவு செய்யலாம். இயலாதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குக் கடிதமாகவும் அனுப்பலாம், அது தமிழிலேயே இருக்கலாம். வழிமுறையில் ஐயம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கிக்கு முதலில் எழுதியதற்கான சான்று இல்லை என்றால் புகார் ஏற்கப்படாது. அந்த முத்திரையிட்ட படியும் மின்னஞ்சலும் இங்கேதான் வேலை செய்கின்றன.

மேலே சொன்ன கெடுவும் இழப்பீடும் தொழில்நுட்பக் கோளாறால் நடுவில் நின்ற பணத்துக்கு மட்டுமே உரியவை. நீங்களே தவறான எண்ணுக்கு அனுப்பிய பணம் சரியாகச் சேர்ந்துவிட்டதாகவே கருதப்படும். அதைத் திரும்பப் பெற, பணம் போய்ச் சேர்ந்தவரின் ஒப்புதலை வங்கி வழியாகக் கேட்க வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரியாமல் பிறர் எடுத்த பணத்துக்கு 2017 ஜூலை 6 நாளிட்ட வேறொரு சுற்றறிக்கை இருக்கிறது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத நிலையில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்களைச் சேராது என்று அது சொல்கிறது.

என் 640 ரூபாய் 12ஆம் தேதி திரும்பி வந்தது. 3ஆம் தேதி செலுத்திய பணம் 8ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் சேர வேண்டும், ஆனால் பாஸ்புக்கில் ஒரே ஒரு வரவுதான் இருந்தது. பதிவு போடப்பட்ட அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பழைய புகார் எண்ணைத் தலைப்பில் இட்டு, நாட்கணக்கை மூன்று வரியில் எழுதி மறுபடியும் அனுப்பினேன். அடுத்த வாரம் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோது, 640க்குக் கீழே 400 ரூபாய் தனி வரவாக அச்சாகியிருந்தது.